முதல் நாள் ஓசையை நம்பலாமா?

புதுக் கம்பி மாட்டிய அன்று எந்த அக்கூஸ்டிக் கிடாரும் நன்றாகத்தான் ஒலிக்கும். ஒட்டுப்பலகையில் செய்த மலிவுக் கிடார்கூட அன்றைக்குக் கணீரென்று பேசும். கம்பிகளைப் பற்றி நாம் கேட்கும் புகழ்ச்சியில் பெரும்பகுதி அந்த முதல் நாளுக்கு உரியது. ஒப்பீட்டுப் பதிவுகள் பெரும்பாலும் உறை பிரித்த கையோடு எடுக்கப்படுபவை. நண்பர் போன் செய்து ‘இந்த செட் பிரமாதம்டா, நீயும் வாங்கு’ என்று சொல்வதும் மாட்டிய அன்று மாலைதான். மூன்று வாரம் கழித்து அதே செட் எப்படி இருக்கிறது என்று சொல்ல யாரும் போன் செய்வதில்லை.

நாம் கம்பியோடு குடித்தனம் நடத்துவது அந்த மூன்று வாரத்துக்குப் பிறகுதான். ஆகவே இங்கே நான் எடுத்துக்கொள்ளும் உரைகல் இது: ஒரு செட்டை அதன் நடுவயதில் மதிப்பிட வேண்டும். அந்த வயதில் அதன் ஓசை எப்படி, சுருதி நிற்கிறதா, விரலுக்கு எப்படி இருக்கிறது, அதுவரை என்ன செலவானது என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

கடையில் பேச்சு வேறு வரிசையில் நடக்கிறது. முதலில் பிராண்டு, அடுத்து எந்த உலோகம், கையில் காசு இருந்தால் பூச்சு போட்டதா போடாததா என்ற கேள்வி. கேஜ் எனப்படும் தடிமனைப் பற்றிப் பெரும்பாலும் கடைக்காரரே முடிவு செய்துவிடுவார்: ‘கத்துக்கறவங்கன்னா டென் செட் போட்டுக்குங்க சார், விரல் வலிக்காது.’ இந்த வரிசையை அப்படியே தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பது என் வாதம். தடிமன் முதலில், பூச்சு அடுத்து, உலோகம் அதற்கும் பின்னால், பெயர் கடைசியில்.

யாருக்காக இந்தத் தேர்வு என்பதையும் வரையறுத்துக்கொள்வோம். வீட்டில் தினம் ஒரு மணி நேரம் வாசிப்பவர். கார்டு பிடித்து ஸ்ட்ரம் செய்வார், ‘இளைய நிலா’ போன்ற பாடல்களை விரலாலும் மீட்டிப் பார்ப்பார். கையில் இருப்பது நம்மூரில் பலரும் வாங்கும் யமஹா எஃப் 310 மாதிரியான ஒரு கிடார். ஊர், சென்னையோ தூத்துக்குடியோ போன்ற கடலோர ஊர். மேடைக் கலைஞருக்கும் ஸ்டுடியோவில் பதிவு செய்பவருக்கும் இந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தாது.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு எச்சரிக்கை. கையில் இருப்பது நைலான் கம்பிக் கிளாசிக்கல் கிடார் என்றால் இங்கே சொல்லப்படும் எந்தச் செட்டையும் அதில் மாட்டக்கூடாது. நைலான் செட் ஒன்றின் மொத்த இழுவிசை 40 கிலோ அளவில் இருக்கும். எஃகுக் கம்பியின் வழக்கமான 12 செட் 70 கிலோவைத் தாண்டும். கிளாசிக்கல் கிடாரின் முன்பலகைக்கு அடியில் உள்ள சட்டங்கள் அதைத் தாங்குவதற்காக வைக்கப்பட்டவை அல்ல. பிரிட்ஜ் பிய்ந்து வரும், அல்லது பலகை வயிறு தள்ளும். எஃகுக்கு மாறுவது கிடார் செய்பவர்களுக்கே எளிதாக இருக்கவில்லை. 1833-இல் தொடங்கிய மார்ட்டின் நிறுவனம் முதல் பல பத்தாண்டுகள் குடல் நரம்புக்கே கிடார் கட்டியது. எஃகுக் கம்பியைத் தாங்கும்படி ஒரு மாடலை வழக்கமான தயாரிப்பாக அது கொண்டுவந்தது 1922-இல்தான்.

இனித் தடிமன். செட்டின் பெயராகச் சொல்லப்படும் 10, 11, 12, 13 என்பவை முதல் கம்பியின் விட்டம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில். ஒன்றுக்கு ஒன்று ஓர் எண்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் ஒரே நீளத்தில் ஒரே சுருதிக்கு ஏற்றும்போது இழுவிசை விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 25.4 அங்குல நீளமுள்ள கிடாரில் 12 கம்பியை மேல் ‘ஈ’ சுருதிக்கு ஏற்றினால் அது ஏறத்தாழ 10.5 கிலோ விசையில் நிற்கும். 11 கம்பி என்றால் 9 கிலோவுக்குச் சற்றுக் கீழே. 10 கம்பி ஏழேகால் கிலோதான். 13 என்றால் 12.4 கிலோ. 12-இலிருந்து 10-க்கு இறங்குபவர் அந்தக் கம்பியின் விசையில் 30 சதவீதத்தை விட்டுக்கொடுக்கிறார்.

அந்த 30 சதவீதம் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. அக்கூஸ்டிக் கிடாரில் பெருக்கி கிடையாது. கம்பியின் அசைவு பிரிட்ஜ் வழியாக முன்பலகையை ஆட்ட வேண்டும். அந்தப் பலகைதான் காற்றைத் தள்ளுகிறது. கம்பியில் விசை குறைந்தால் பலகைக்குப் போகும் தள்ளலும் குறையும். கனமான சட்டம் போட்ட, தடித்த ஒட்டுப்பலகைக் கிடாரில் இது இன்னும் மோசமாகத் தெரியும், ஏனென்றால் அந்தப் பலகை அசையவே யோசிக்கும். கற்றுக்கொள்பவர் கையில் இருப்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட கிடார்தான். அதில் 10 செட்டைப் போட்டுக் கொடுத்தால் விரல் வலி குறையும், ஓசையும் சேர்ந்து மெலியும். சத்தம் வரவில்லையே என்று அவர் பலமாக அடிப்பார். தளர்ந்த கம்பி ஃப்ரெட்டில் மோதி இரையும். அழுத்திப் பிடித்தால் சுருதி மேலே போய்விடும். புதிதாகக் கற்பவர் எல்லோரும் தேவைக்கு மேல் அழுத்திப் பிடிப்பவர்கள்தான் என்பதால், மெல்லிய கம்பியில் அவர்களுடைய கார்டு சற்றே சுருதி விலகியே கேட்கும். ‘எனக்குக் காது சரியில்லையோ’ என்ற சந்தேகம் அங்கே தொடங்குகிறது.

சரி, விரல் வலி பொய்யா? பொய் இல்லை. ஆனால் அதற்குக் காரணம் பெரும்பாலும் கம்பி இல்லை. விலை குறைந்த கிடார்களில் நட்டின் (கழுத்து முனையில் கம்பிகளைத் தாங்கும் பட்டை) பள்ளங்கள் ஆழம் போதாமல் இருக்கும். முதல் ஃப்ரெட்டில் கம்பி எக்கிக்கொண்டு நிற்கும். எஃப் கார்டு பிடிக்க முடியாமல் கிடாரையே மூலையில் வைத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பாதிப் பேருக்கு எதிரி அந்த நட்தான். பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் சாடிலும் உயரமாக இருந்தால் மேலே போகப் போக இன்னும் கஷ்டம். கடலோர ஊர்களில் இன்னொன்றும் உண்டு. அசல் மரப்பலகை போட்ட கிடார் அடைமழைக் காலத்தில் ஈரம் குடித்து உப்பும். பிரிட்ஜ் மேலே ஏறும். அதோடு ஆக்‌ஷனும் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) ஏறும். வாசிப்பவரோ கம்பி கெட்டுவிட்டது, கடினமாகிவிட்டது என்று நினைப்பார். விவரம் தெரிந்தவரிடம் ஒருமுறை நட்டையும் சாடிலையும் சீர் செய்துகொள்ளும் செலவு இரண்டு மூன்று செட் கம்பியின் விலைக்குள் அடங்கும். அது தரும் பலனை எந்த மெல்லிய செட்டும் தராது.

இதற்குக் காசில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. 12 செட்டையே மாட்டி ஆறு கம்பிகளையும் ஹாஃப் ஸ்டெப் கீழே இறக்கிச் சுருதி சேர்த்து, முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு வாசிக்க வேண்டும். சுருதி வழக்கமான இடத்துக்கே வந்துவிடும். ஆனால் இழுவிசை எல்லாக் கம்பியிலும் 11 சதவீதம் குறைந்திருக்கும். முதல் கம்பி 9.4 கிலோவுக்கு வந்திருக்கும். அதோடு நட்டின் உயரத்தைக் கேப்போ ரத்து செய்துவிடுகிறது. இப்படிப் பிடித்ததும் எஃப் கார்டு எளிதாகிறது என்றால் குற்றவாளி யார் என்பது தெரிந்துவிடும். கற்றுக்கொள்பவர் முதல் சில மாதங்கள் இப்படியே வாசிப்பதில்கூட ஒரு குறையும் இல்லை. கேப்போ போட்டு வாசிப்பது சோம்பேறித்தனம் என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. விரல் தோல் தடிக்கும் முன்பே கிடாரைப் பரணில் ஏற்றிவிடும் மாணவரைவிடக் கேப்போ போட்ட மாணவர் மேல்.

11 செட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது 12-க்கும் 10-க்கும் நடுவில் உள்ள சமரசம் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். உறையைத் திருப்பி ஆறு எண்களையும் படித்தால் வேறு கதை தெரியும். கம்பி நிறுவனமான டி’அடாரியோவின் 12 செட் 12, 16, 24, 32, 42, 53. அதே நிறுவனத்தின் 11 செட் 11, 15, 22, 32, 42, 52. நான்காவதும் ஐந்தாவதும் இரண்டு செட்டிலும் அதே தடிமன். ஆறாவது ஏறக்குறைய அதுவே. மெலிந்தவை மேல் மூன்று கம்பிகள் மட்டும். ஆக, 11 செட் என்பது மொத்தமாக இலகுவான செட் அல்ல. கீழ்க் கம்பிகளை அப்படியே வைத்துக்கொண்டு மேல் கம்பிகளைத் தளர்த்திய செட். கார்டு பிடித்துப் பாடுபவருக்கு இதில் லாபமே: அடித்தளம் திடமாக இருக்கும், மேலே கை இலகுவாக ஓடும், கம்பியை இழுத்து வளைக்கவும் முடியும். பாட்டின் மெட்டை முதல் இரண்டு கம்பிகளில் எடுத்து வாசிப்பவருக்கு நஷ்டம். எந்தக் கம்பிகளில் மெட்டு நடக்கிறதோ அவைதான் மெலிந்திருக்கின்றன. கேப்போ வழியோ ஆறு கம்பிகளையும் ஒரே விகிதத்தில் தளர்த்துகிறது. ஓசையின் சமநிலை கலையாது. இந்த ஒரு காரணத்தாலேயே நான் 11-ஐ விட, ஹாஃப் ஸ்டெப் இறக்கிய 12 பக்கம் சாய்கிறேன்.

விதிவிலக்கு உண்டு. பழைய கிடார், பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை ஏற்கனவே வீங்கியிருக்கிறது, அல்லது கழுத்துக்குள் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடு இல்லை, இருந்தும் திரும்பவில்லை என்றால் 10 அல்லது 11-தான் அந்தக் கிடாரின் ஆயுளுக்கு நல்லது. அங்கே கேள்வி ஓசையைப் பற்றியதில்லை. மறுபக்கம், 13 செட்டின் மொத்த விசை 85 கிலோவை ஒட்டி வரும். பெரிய உடல் கிடாரில் தடித்த பிக்கால் ஓங்கி அடிக்கும் புளூகிராஸ் வாசிப்பாளர்களுக்காகவும், கம்பிகளை ஒரு ஸ்டெப், ஒன்றரை ஸ்டெப் இறக்கி வாசிப்பவர்களுக்காகவும் வந்த தடிமன் அது. நாம் வரையறுத்த வாசிப்பவருக்கு அது வேண்டாம்.

எந்தத் தடிமனுக்கு மாறினாலும் கழுத்தின் வளைவு மாறும் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. 12 போட்டுச் சரி செய்த கழுத்தில் 10 போட்டால் கழுத்து பின்னால் நிமிரும், முதல் சில ஃப்ரெட்டுகளில் இரைச்சல் கேட்கும். அதற்குப் பழி கம்பி மீது விழும். டிரஸ் ராடைக் கொஞ்சம் தளர்த்தினால் தீர்கிற விஷயம்.

மெல்லிய கம்பி சீக்கிரம் அறுந்துவிடும் என்ற நம்பிக்கையையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஒரே நீளத்தில் ஒரே சுருதியில் நிற்கும் இரண்டு எஃகுக் கம்பிகளில், மெல்லியதில் விசை குறைவு, அதைத் தாங்கும் குறுக்குப் பரப்பும் அதே விகிதத்தில் குறைவு. ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கும் சுமை இரண்டிலும் சமம். எனவே தடிமன் மட்டுமே அறுபடுவதைத் தீர்மானிப்பதில்லை. முதல் கம்பி அடிக்கடி அறுகிறது என்றால் சாடிலிலோ டியூனிங் பெக்கிலோ கூர்மையான விளிம்பு இருக்கும், அல்லது துரு அரித்திருக்கும். துருவின் ஒரே அளவு பள்ளம் மெல்லிய கம்பியில் பெரிய பங்கைத் தின்றுவிடும் என்பது மட்டும் உண்மை. துரு என்றதும் நாம் பூச்சுக்கு வந்துவிடுகிறோம்.

கம்பி ஏன் சாகிறது? கீழ் நான்கு கம்பிகளும் எஃகு உள்கம்பியின் மேல் செம்புக் கலவைக் கம்பியைச் சுருளாகச் சுற்றிச் செய்யப்படுபவை. அந்தச் சுருள்களின் இடுக்கில் வியர்வை, தோல் துகள், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் போய்ச் சேரும். சுருள்கள் ஒன்றோடு ஒன்று உரசி அசையும் சுதந்திரம் போகும். மேல் ஸ்தாயி அதிர்வுகள் முதலில் அடங்கும். அழுக்கு எல்லா இடத்திலும் சமமாகப் படியாததால் கம்பியின் எடை இடத்துக்கு இடம் மாறும்; அதனால்தான் பழைய கம்பியை டியூனரில் சரியாகச் சேர்த்தாலும் ஏழாவது ஃப்ரெட்டில் சுருதி தப்பும். மேல் இரண்டு கம்பிகள் சுற்றில்லாத வெறும் எஃகு. அவற்றில் அழுக்கு தங்காது, துரு பிடிக்கும். கடற்காற்றும் வியர்வையும் கூடும் ஊரில் இரண்டு சாவும் வேகமாக வரும்.

1990-களில் இதற்கு ஒரு விடை அமெரிக்காவின் கோர் நிறுவனத்திலிருந்து வந்தது. மழைக்கோட்டுத் துணியான கோர்-டெக்ஸுக்குப் பெயர் போன நிறுவனம் அது. மிதிவண்டியின் கம்பிவடங்களுக்குப் பூச்சுப் பூசிப் பார்த்த சோதனையிலிருந்து கிடார் கம்பிக்கு அந்த யோசனை தாவியது. அப்படி வந்ததுதான் எலிக்ஸர். சுற்றி முடித்த கம்பியின் மேல் மெல்லிய பாலிமர் உறை. இடுக்குகளும் சேர்ந்து மூடப்படும். டி’அடாரியோவின் எக்ஸ்டி செட்டில் வேறு வழி: சுற்றும் கம்பியை முதலில் பூசிவிட்டுப் பிறகு சுற்றுகிறார்கள். அதில் கைக்கு வெறும் கம்பியின் உணர்வு கூடுதலாக இருக்கும். இடுக்குகள் திறந்தே இருக்கும். அழுக்கிலிருந்து காப்பாற்றுவதே நோக்கம் என்றால் முதல் வழி வலுவானது.

பூச்சுக்கு எதிரான வாதங்கள் மூன்று. முதல் நாள் ஓசை சற்று மங்கல் என்பது ஒன்று. உண்மைதான். பூச்சும் ஓர் எடை, ஓர் அடக்கி. ஆனால் பூச்சில்லாத கம்பி அந்தக் கூடுதல் பளபளப்பை எத்தனை நாள் வைத்துக்கொள்கிறது? வியர்க்கும் கை என்றால் சென்னை மே மாதத்தில் ஒரு வாரம் தாங்கினால் அதிகம். அதன் பிறகு பூச்சுள்ளது மேலே, பூச்சில்லாதது கீழே. வாழ்நாள் முழுவதையும் கணக்கில் எடுத்தால் முதல் வாதம் நிற்காது. இரண்டாவது, வழுக்கும் உணர்வு. இது கையின் பழக்கம், சிலருக்குக் கடைசிவரை பிடிக்காது. அதை மறுக்க எனக்கு உரிமையில்லை. விரல் நகரும்போது எழும் கீச்சொலி குறைகிறது என்பது அதன் மறுபக்கம். மூன்றாவது விலை. பூச்சுள்ள செட் இரண்டு மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை ஆகும். அப்படியானால் இரண்டரை மடங்கு விலைக்கு இரண்டரை மடங்கு காலம் உழைக்க வேண்டும். கடலோர ஊரில், தினம் வாசிக்கும் கையில், சுற்றுக் கம்பிகள் அதைவிடக் கூடவே உழைக்கின்றன என்பது என் அனுபவம். கோயம்புத்தூர் மாதிரி உள்ளே தள்ளிய ஊரில், வியர்க்காத கை உள்ளவருக்கு இந்தக் கணக்கு சரிக்குச் சரியாகத்தான் முடியும். அவர் சாதாரணச் செட்டை வாங்கி அடிக்கடி மாற்றினால் இன்னும் நன்றாகவே கேட்பார்.

ஆனால் பூச்சு செட் விளம்பரத்தில் சொல்லாத ஒன்று உண்டு. ஒரு செட்டின் ஆறு கம்பிகளும் ஒரே வேகத்தில் முதுமை அடைவதில்லை. சுற்றுக் கம்பிகள் உயிரோடு இருக்கும்போதே முதல் கம்பியில் துருப் புள்ளி தென்படலாம். அதற்காக மொத்தச் செட்டையும் கழற்றி எறிவது வீண். கடைகளில் உதிரியாகக் கிடைக்கும் 12, 16 வெறுங்கம்பிகளை வாங்கி அந்த இரண்டை மட்டும் மாற்றினால் பூச்சு செட்டின் பொருளாதாரம் முழுமையாகப் பலிக்கும். உதிரி கேட்கும்போது தடிமனைச் சொல்லிக் கேட்க வேண்டும். ‘ஃபர்ஸ்ட் ஸ்ட்ரிங் ஒண்ணு குடுங்க’ என்றால் கைக்கு வருவது எலக்ட்ரிக் கிடாரின் 9-ஆகவும் இருக்கும்.

உலோகம் பற்றிய சண்டையில்தான் அதிகச் சத்தம், விஷயம் குறைவு. இரண்டு கட்சிகள். 80 பங்கு செம்பும் 20 பங்கு துத்தநாகமும் சேர்ந்த கலவை 1930-களில் நியூயார்க் கிடார்த் தயாரிப்பாளர் ஜான் டி’ஆஞ்சலிகோ வழியாக வந்தது. உறையில் அதை வெண்கலம் என்று போடுகிறார்கள், உண்மையில் அது பித்தளை. செம்போடு வெள்ளீயமும் துளி பாஸ்பரஸும் சேர்ந்த பாஸ்பர் பிரான்ஸை டி’அடாரியோ 1974-இல் கொண்டுவந்தது. முன்னது பளிச்சென்று இருக்கும், பின்னது சற்று இதமாகவும் நிறைவாகவும் இருக்கும் என்பது பொதுக் கருத்து. புதிதாக இருக்கும்போது அருகருகே வைத்துக் கேட்டால் அந்த வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இரண்டு கலவைகளின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றே. எனவே எடையாலும் விசையாலும் பெரிய பிளவு வர வழியில்லை. 80/20 தன் பளபளப்பைச் சீக்கிரம் இழந்துவிடுவதால், நடுவயதில் வைத்துக் கேட்டால் எது எது என்று சொல்வது எளிதல்ல.

காது எவ்வளவு தூரம் லேபிளைப் பின்தொடர்கிறது என்பதற்கு ஒரு நல்ல சோதனை நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரே வடிவில், ஒரே வகை முன்பலகையோடு ஆறு கிடார்களைச் செய்வித்தார்கள். முதுகுப் பலகையும் பக்கப் பலகையும் மட்டும் வேறு வேறு மரம்: விலை உயர்ந்த பிரேசில் ரோஸ்வுட்டிலிருந்து விலை குறைந்த சப்பேலி வரை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரமும் அதில் ஒன்று. 52 கிடார் வாசிப்பாளர்கள் மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார்கள். ஆறுக்கும் அவர்கள் தந்த மதிப்பெண்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. 2018-இல் வெளியான இந்த ஆய்வு மரத்தைப் பற்றியது. கம்பிக்கு அப்படியே நீட்டிவிடக் கூடாது. முதுகு மரத்தைவிடக் கம்பி ஓசைக்கு மிக அருகில் இருக்கும் பொருள். ஆனாலும் ‘பாஸ்பர் பிரான்ஸ் தேன் மாதிரி’, ‘எண்பது-இருபது பனிக்கட்டி மாதிரி’ என்றெல்லாம் எழுதுபவர்களிடம், கண்ணை மூடிக்கொண்டு மூன்று வாரப் பழைய செட்டில் இதைச் சொல்வீர்களா என்று கேட்கும் துணிவை அது தருகிறது.

மூன்றாவது ஒரு கட்சி இருக்கிறது; என் உரைகல்லுக்கு நேர்மையாக நின்றால் அதற்குத்தான் நான் வாக்களிக்க வேண்டும். மோனல்: மூன்றில் இரண்டு பங்கு நிக்கல், மிச்சத்தில் பெரும்பகுதி செம்பு. கடல்நீர் அரிப்பைத் தாங்கும் என்பதற்காகக் கப்பல்களில் பயன்படும் உலோகம். பித்தளை, பாஸ்பர் பிரான்ஸ் சுற்று எல்லாம் கறுத்துப்போன பிறகும் மோனல் சுற்று நெடுநாள் தன் நிறம் மாறாமல் இருக்கும். ஓசையும் முதல் நாளுக்கும் நாற்பதாம் நாளுக்கும் அதிகம் மாறாது. மார்ட்டின் இதை ‘ரெட்ரோ’ என்ற பெயரில் மறுபடி கொண்டுவந்தபோது புளூகிராஸ் மேதை டோனி ரைஸ் பெயரிலும் ஒரு செட் வெளியிட்டது. நடுவயதுச் சோதனையில் மோனல் ஜெயிக்கிறது, ஏனென்றால் அதற்கு இளமையே இல்லை. அங்கேதான் சிக்கல். அந்த மாறாத ஓசை வறண்டது, மேல் ஸ்தாயியில் மினுக்கு இல்லாதது. நல்ல மரத்தில் கைதேர்ந்தவர் கட்டிய கிடாரில் அந்த வறட்சி ஓர் அழகு. மரத்தின் குரல் வெளியே தெரியும். ஒட்டுப்பலகைக் கிடாரில் வெளியே தெரிய மரத்துக்குக் குரல் வேண்டுமே. போதாக்குறைக்கு நம் கடைகளில் மோனல் எளிதில் கிடைப்பதும் இல்லை, மேல் இரண்டு கம்பிகள் அதிலும் வெறும் எஃகுதான். நல்ல கிடார் வைத்திருக்கும் கடலோரவாசி ஒருமுறையாவது போட்டுப் பார்க்கட்டும். மற்றவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

எலக்ட்ரிக் கிடாரின் நிக்கல் பூச்சு எஃகுச் செட்டை அக்கூஸ்டிக்கில் மாட்டிக் கொடுப்பதும் சில இடங்களில் நடக்கிறது. அந்தச் செட்டில் மூன்றாம் கம்பி சுற்றில்லாமல் வெறுங்கம்பியாக இருப்பதை வைத்து அடையாளம் காணலாம். மெலிந்த ஓசை, மூன்றாம் கம்பியில் நிற்காத சுருதி. காந்தப் பிக்அப் வைத்து மேடையில் வாசிப்பவரைத் தவிர யாருக்கும் அதில் வேலையில்லை.

பிராண்டுக்கு இவ்வளவு தூரம் கழித்து வருவதால் அதற்குச் சொல்ல மிச்சம் கொஞ்சமே. டி’அடாரியோவின் 53-க்கும் மார்ட்டினின் 54-க்கும் நடுவில் ஆறாம் கம்பியில் ஒரு முடி வித்தியாசம். இரண்டு பெயர்களில் எது கடையில் உறை கலையாமல், ஜன்னல் வெயிலில் தொங்காமல் இருக்கிறதோ அதை எடுக்கலாம். கவலைப்பட வேண்டியது போலிகளைப் பற்றித்தான். டி’அடாரியோ ஒவ்வொரு செட்டின் உள்ளேயும் சரிபார்க்கும் குறியீடு ஒன்றை அச்சிடும் அளவுக்குப் போலிகள் புழங்குகின்றன. சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கும் பிரபலப் பெயரைவிட, பெயர் தெரியாத ஆனால் அசலான ஒரு செட் மேல்.

என் தீர்ப்பு இது. நாம் வரையறுத்த வாசிப்பவர், நட்டையும் சாடிலையும் சரி செய்துகொண்டு, 12-53 தடிமனில், முழுவதும் பூச்சிட்ட பாஸ்பர் பிரான்ஸ் செட்டைப் போடட்டும். விரல் பழகும்வரை ஹாஃப் ஸ்டெப் இறக்கிக் கேப்போ. முதல் இரண்டு கம்பிகளைத் துரு கண்டதும் உதிரியாக மாற்றலாம். வறண்ட ஊர்க்காரருக்கும், பூச்சின் வழுக்கலைக் கை ஏற்காதவருக்கும் பூச்சில்லாத அதே பாஸ்பர் பிரான்ஸ், அதே தடிமன். பாடிக்கொண்டே கார்டு மட்டும் பிடிப்பவர் 11-52 போட்டால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். 80/20 செட்டை ஒரே ஒரு சந்தர்ப்பத்துக்குச் சிபாரிசு செய்வேன்: நாளை காலை ஸ்டுடியோவில் பதிவு இருக்கிறது என்றால் இன்று மாலை மாட்டி, கம்பியை நன்றாக இழுத்து நீட்டிச் சுருதி நிற்க வைத்துக்கொண்டு போகலாம். முதல் நாள் ஓசைக்குக் காசு கொடுப்பதில் அங்கே நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அந்தக் கம்பியிடம் அந்த ஒரு நாளைத் தவிர வேறெதுவும் கேட்கப்போவதில்லை.